அது பாட்டின் இனிமையா, என் 14 வயதின் இனிமையா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988-ல் உங்களுக்கு 14 வயது. அந்த ஆண்டு வெளிவந்த 'சத்யா' படத்தின் 'வளையோசை' பாடல் உங்களைப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. சில நாட்களுக்கு முன் அதை மகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். "நன்றாகத்தான் இருக்கிறது அப்பா, ஆனால் இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று அவள் கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. சங்கீதம் தெரியாத ஒருவர் ஒரு பழைய பாட்டை எப்படி ரசிப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வரிகளுக்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு: நான் நேசிப்பது இந்தப் பாட்டையா, அல்லது இதைக் கேட்ட அந்தப் பையனையா?

நான் 24 ஆண்டுகள் மெல்லிசைக் குழுக்களில் தபலா வாசித்தவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டுவிழா என்று இந்தப் பாடலுக்கு எத்தனை மேடைகளில் வாசித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. இப்போது பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகையால் நான் தாளத்தின் பக்கமிருந்தும் சொல்லின் பக்கமிருந்தும் பேசுகிறேன். வாய்ப்பாட்டுக்காரர் ஒருவர் இதே பாட்டில் வேறு வாசலைத் திறந்து காட்டக்கூடும்.

வயதின் பங்கை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது உண்மையானது. பெரியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலிருந்தே அதிகமாக எடுத்துச் சொல்கிறார்கள். இதை நினைவாற்றல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். பாட்டு விருப்பமும் அந்த வயதுகளில்தான் ஏறி நிற்கிறது. 1989-ல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெவ்வேறு வயதினருக்கு வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். கேட்பவருக்கு 23, 24 வயது இருக்கும்போது வந்த பாடல்களுக்கே விருப்பம் உச்சத்தில் இருந்தது. அந்த எண் கல்லில் எழுதியது அல்ல. பின்னால் வந்த ஆய்வுகள் வேறு வயதுகளையும் சொல்லியிருக்கின்றன. இளமையில் கேட்டது ஆழமாக ஊன்றுகிறது என்பது உறுதி. எந்த வயதில் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

மாண்ட்ரியலில் 2011-ல் வெளியான மூளை ஆய்வு ஒன்றையும் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். மெய் சிலிர்க்கும் இடத்தைப் பாட்டு தொடும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்று அது காட்டியது. அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே, எதிர்பார்ப்பிலேயே, மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது என்றும் காட்டியது. உங்கள் நெஞ்சுக்குள் நடப்பது கற்பனை அல்ல என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த இசையைத் தாங்களே கொண்டுவந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நேசிக்கும் பாட்டு உடலை என்ன செய்கிறது என்று அது சொல்கிறது. எந்தப் பாட்டு நேசத்துக்குத் தகுதியானது என்பதற்கு அதில் பதில் இல்லை. அதற்குப் பாட்டுக்குள்தான் போக வேண்டும்.

போகும் முன் ஒரு வேலை. பாடலைப் போடாமல், ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். வரிகள், இடையிசை, யார் எந்த இடத்தில் பாடுகிறார்கள் என்பதெல்லாம். உங்களால் பல்லவியை முழுதாக எழுத முடியும். சரணம் வந்ததும் கை நிற்கும். இதை நான் மேடையிலிருந்தே பார்த்திருக்கிறேன். பல்லவி தொடங்கியதும் முன்வரிசையில் எல்லார் உதடும் அசையும். சரணம் வந்ததும் புன்னகையோடு மூடிக்கொள்ளும். பல்லவி திரும்பினால் மறுபடி திறக்கும். 35 ஆண்டுகளாக நேசிக்கும் பாட்டில் நாம் நன்றாக அறிந்திருப்பது அரை நிமிடத்தைத்தான். மீதி நிமிடங்களை, கேட்டிருந்தும் கேட்காமல் விட்டிருக்கிறோம். மகளுக்குப் பதில் சொல்ல உங்களால் முடியாமல் போனது அன்புக் குறைவால் அல்ல. பழக்கம் காதை மூடிவிட்டது.

இப்போது அந்த முதல் வரியை எடுத்துக்கொள்வோம். பாடாமல், பேசுங்கள். 'வளையோசை' என்ற சொல்லில் நீண்டு ஒலிக்கும் எழுத்து 'யோ' ஒன்றுதான். ளை, சை இரண்டும் சொல்லின் இடையிலும் கடையிலும் நிற்பதால் குறுகிவிடுகின்றன. ஐகாரக் குறுக்கம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அடுத்து வருவதை விரலால் மேசையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள்: க, ல, க, ல, க, ல, வெ, ன. எட்டு எழுத்து, எட்டும் குறில். நடுவில் ஒரு நெடில் இல்லை, ஒரு புள்ளி எழுத்து இல்லை. தாளம் கற்கும் பிள்ளைக்கு நாங்கள் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் சொற்கட்டு 'தகதிமி தகஜொணு'. அதிலும் எட்டு எழுத்து, எட்டும் குறில். 'கலகல கலவென' என்பது 'தகதிமி தகஜொணு' மேல் அப்படியே உட்காரும். கவிஞர் வாலி வளையலுக்குச் சொல் கொடுத்திருக்கிறார், அந்தச் சொல்லே தாள வாத்தியமாகவும் நிற்கிறது. குற்றெழுத்துப் பயின்று வருவதைக் குறுஞ்சீர் வண்ணம் என்று தொல்காப்பியம் பெயரிட்டு வைத்திருக்கிறது. இந்த ஓட்டம் தமிழுக்குப் புதிதல்ல. அருணகிரிநாதர் இதில் மலையே புரட்டியவர். பஸ்ஸில் போகும் ஒரு காதல் பாட்டுக்குள் அது வந்து அமர்ந்த விதம்தான் அழகு.

அந்த ஓட்டம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். 'குளுகுளு' வரை குறில்கள் ஓடி வந்து, 'தென்றல் காற்றும் வீசுது' என்ற இடத்தில் கா, வீ என்று நெடில்கள் வந்து இழுத்துப் பிடிக்கின்றன. ஓடிவந்தவர் நிழல் கண்டு நிற்பது போல. இந்த இடத்தைத்தான் உங்கள் உடம்பு 14 வயதிலிருந்து அறிந்திருக்கிறது, பெயர் மட்டும் தெரியாமல்.

இதை நானே தாமதமாகத்தான் கற்றேன். குழுவில் சேர்ந்த புதிதில் அந்த எட்டு எழுத்துக்கும் எட்டுத் தட்டுப் போட்டு வாசிப்பேன். விரல் அப்படி ஓடுவதில் எனக்குப் பெருமை. ஒரு கல்யாண வரவேற்பில் பாடிய பெண்ணின் குரல் அந்த இடத்தில் மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. நிகழ்ச்சி முடிந்து வாத்தியங்களுக்கு உறை போடும்போது, எங்களோடு டோலக் வாசித்த பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, அந்த எட்டு எழுத்தும் ஏற்கெனவே மத்தளம்தான். பாடுகிறவர் வாயிலேயே அது இருக்கிறது. நீ தொடக்கத்தை மட்டும் தொட்டுவிட்டுக் கையை எடு" என்றார். அடுத்த மேடையில் கையை எடுத்தேன். வளையல் ஒலித்தது. பல ஆண்டுகள் கேட்ட பாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன் என்று தோன்றியது.

அடுத்து, கலகல, குளுகுளு, சிலுசிலு. இவை இரட்டைக்கிளவிகள். பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியம் விதி சொல்லியிருக்கிறது. பாட்டில் 'கல' மூன்று முறை வருவதால் அதற்கு இலக்கணத்தில் என்ன பெயர் என்று புலவர்கள் வாதிடலாம். காதுக்கு அது ஒரு பொருட்டல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது இவை வரும் வரிசை. கலகல காதுக்குரியது, வளையலின் ஒலி. குளுகுளு ஒலி அல்ல, தோலில் படும் குளிர்ச்சி. சிலுசிலுவும் தோலுக்குரியதே. அதன்பின் விரல் வருகிறது. காதில் தொடங்கிய பாட்டு இரண்டே வரிகளில் தோலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. முதலில் அவள் வரும் ஓசை, பிறகு இருவருக்கும் நடுவில் காற்று, பிறகு தொடுதல். பெயர்ச்சொல் வைத்துச் சொல்லியிருந்தால் நான்கு வரி பிடித்திருக்கும், கொஞ்சம் விரசமாகவும் ஆகியிருக்கும். இரட்டைக்கிளவி அதைக் குழந்தையின் சொல் போலச் சொல்லிவிட்டுப் போகிறது. 14 வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் கூச்சமின்றி முணுமுணுக்க முடிந்த காதல் பாட்டு அது என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ராகத்தின் பெயர் தெரியாததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். பலரும் இதைச் சிந்து பைரவி என்று குறிப்பிடுவார்கள். கச்சேரியின் கடைசிப் பகுதியில் வரும் சிறு, இலகுவான பாடல்களான துக்கடாக்களுக்கு எடுத்துக்கொள்ளும் ராகம் அது; தனக்குரியதல்லாத ஸ்வரங்களையும் விருந்தாளியாக உள்ளே விடும். சினிமாப் பாட்டு எதுவுமே ராகத்துக்கு வேலிகட்டி நிற்பதில்லை என்பதால், பெயரை ஓர் ஊர்ப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்த பலர் அதோடு கேட்பதை நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த ஆபத்து இல்லை.

குரல்களுக்கு வருவோம். லதா மங்கேஷ்கர் தமிழில் பாடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவருடைய உச்சரிப்பில் தமிழின் வாசம் குறைவு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சிறிய அந்நியத்தன்மையே வசீகரம் என்பவர்களும் உண்டு. இது ருசியைப் பொறுத்தது, நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல்லவியின் முதல் வரியில் வளை, கவிதைகள், குளுகுளு என்று ளகரம் திரும்பத் திரும்ப வருகிறது. ழகரம் ஓரிடத்திலும் இல்லை. லதாவின் தாய்மொழியான மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் கிடையாது. இதை எண்ணிச் செய்தார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. விளைவு மட்டும் நம் காதில் இருக்கிறது: வேற்று மொழிக்காரர் ஒருவர் அந்த வரியில் ஓரிடத்திலும் இடறவில்லை. எதிரே எஸ்.பி. பாலசுப்ரமணியம் தம் குரலின் கனத்தை முக்கால்வாசி உள்ளேயே வைத்துக்கொண்டு பாடுகிறார். ஹெட்போனில் கேட்டால் அது தெரியும். மெல்லிய குரலின் பக்கத்தில் நிற்பவர் தம்மைச் சுருக்கிக்கொள்கிறாரே, அதைவிடப் பெரிய காதல் நடிப்பு திரையில்கூட இல்லை.

இன்னொன்று, இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 'சத்யா' 1988 ஜனவரியில் வந்தது. அப்போது லதாவுக்கு 58 வயது. வாலிக்கு 56. இளையராஜா நாற்பதுகளின் நடுவில் இருந்தார். எஸ்.பி.பி.க்கு 41. உங்கள் 14 வயதின் பாட்டைச் செய்துதந்த இந்த நால்வரில் ஒருவர்கூட இளைஞர் அல்லர். அந்தக் கூச்சத்தையும் சிலிர்ப்பையும் அவர்கள் அப்போது அனுபவித்துக்கொண்டிருக்கவில்லை. நாற்பதிலும் ஐம்பதிலும் நின்றுகொண்டு, திரும்பிப் பார்த்து, கைத்திறனால் கட்டி எழுப்பினார்கள். நீங்கள் அந்தப் பையனுடைய இடத்திலிருந்தே இத்தனை நாள் கேட்டுவந்தீர்கள். இப்போது உங்கள் வயது, பாட்டைச் செய்தவர்களின் வயதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் உட்கார்ந்த பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இளமையைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொல்ல இளமை தாண்டியிருக்க வேண்டியிருந்தது என்பது எனக்குத் தோன்றும் எண்ணம். உங்களுக்கு வேறு தோன்றலாம்.

எப்படிக் கேட்பது என்றீர்களே. முதலில் படக்காட்சி இல்லாமல் கேளுங்கள். கமலும் அமலாவும் பஸ் படிக்கட்டில் நிற்கும் காட்சி அவ்வளவு இனிமையானது, கண் திறந்திருந்தால் காது இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். ஒருமுறை தாளத்தை மட்டும் பின்தொடருங்கள், குரல்கள் எங்கோ போகட்டும். இன்னொருமுறை அடியில் போகும் கனத்த நாதத்தை மட்டும். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரின் சிறிய ஸ்பீக்கரில் அது உங்களுக்கு எட்டியே இருக்காது. அது உங்கள் பாட்டிலேயே உங்களுக்குப் புதிய பகுதி. பிறகு சரணத்தைக் கூடவே பாடிப் பாருங்கள், நன்றாக வர வேண்டியதில்லை. எங்கே மூச்சு முட்டுகிறதோ, அங்கே பாடகர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் காது தேடும். சரணம் எழுதாமல் விட்ட அந்தத் தாளைக் கடைசியில் நிரப்புங்கள்.

ஆனால் தினமும் போடாதீர்கள். இது ஆய்வு அல்ல, என் அனுபவம். மேடையில் வாரம் நான்கு முறை வாசித்த பாடல்கள் சில எனக்கு என் பள்ளி நாட்களைத் திருப்பித் தருவதே இல்லை. எந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி சரியில்லை என்பதைத்தான் நினைவுபடுத்துகின்றன. நாங்கள் காசு கொடுத்துப் பதிவு செய்துவாங்கிய அறுபது நிமிடக் கேசட்டில், ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துவிடும். அந்தப் பாட்டை இன்று முழுதாகக் கேட்டாலும், அந்த இடத்தில் என் காது 'டக்' என்ற பொத்தான் ஒலிக்குக் காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் பிடித்த பாட்டு வருமா வராதா என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பும் பாட்டின் ஒரு பகுதிதான். அதை முழுக்க அழித்துவிட வேண்டாம்.

மகளைப் பற்றி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2013-ல் ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயதையொட்டிய மாணவர்களுக்கு முந்தைய அரை நூற்றாண்டின் பாடல்களைப் போட்டார்கள். தங்கள் காலத்துப் பாடல்களோடு, தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாடல்களிடமும் அவர்களுக்குத் தனிப் பற்று இருந்தது. வீட்டில் ஒலித்ததால் ஒட்டிக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அமெரிக்க மாணவர்களிடம் கண்டது நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்று அவள் தொடங்கியிருக்கிறாள், அதைக் கவனித்தீர்களா? அவளை ரசிக்கச் சொல்லி மன்றாட வேண்டாம். இது உலகத்திலேயே சிறந்த பாட்டு என்று நிரூபிக்கவும் முயல வேண்டாம். எந்தப் பாட்டுக்கும் அப்படி நிரூபணம் கிடையாது, எவ்வளவு சங்கீதம் படித்தாலும் கிடையாது. நான் மேலே காட்டியவை எல்லாம் பாட்டு கவனத்தைத் தாங்கும் என்பதற்கான அடையாளங்கள், அவ்வளவே.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பல்லவியின் இரண்டாவது வரியில் சிறு விரல் 'பட பட' துடிக்கிறது என்று வருகிறது. அது சேர்ந்து நிற்கும் 'படபட'வா, நெஞ்சு படபடக்கிறதே அந்தப் படபடப்பா? அல்லது விரல் பட, மீண்டும் பட, பட்ட ஒவ்வொரு முறையும் துடிக்கிறது என்று பிரித்துப் படிக்க வேண்டுமா? முதலாவது என்றால் இரட்டைக்கிளவி, துடிப்பது விரல். இரண்டாவது என்றால் அடுக்குத்தொடர், துடிப்பது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் இலக்கணம் இடம் கொடுக்கிறது, பாடும்போது இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. நான் இருபது ஆண்டு வாசித்தும் முடிவு செய்யவில்லை. அவள் எதைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று எனக்கும் எழுதுங்கள்.